பாப்பா குடுக்கச் சொன்ன மாத்திரை

மார்ச் 3, திங்கள்

டயர் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. எடைமேடை அறையில் இரண்டு மாதமாகச் சாம்பார்த் தூக்குக்கு அடியில் கிடந்தது. அட்டையில் வட்டமாக ஒரு கறை. என் மகள் சிந்து அதைத் துடைத்துக் கையில் கொடுத்து, "அப்பா, தினமும் காலைல பிரஷர் பாத்து இதுல எழுதுங்க. மாத்திரை சாப்பிட்டதையும் எழுதோணும்" என்றாள். மெஷினும் வாங்கி வைத்திருக்கிறாள். கையில் பட்டையைச் சுற்றினால் அதுவே ஊதிக்கொண்டு கையைக் கவ்வுகிறது. வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்கள் ஓனர் கை குலுக்கியது நினைவுக்கு வந்தது.

இன்று 150/90. மாத்திரை சாப்பிட்டாச்சு.

எழுத வேண்டியது அவ்வளவுதான். மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. லோடு இல்லாத வண்டியை அனுப்ப மனசு வராதவன் நான், அதனால் எழுதுகிறேன்.

பெயர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டில் நாமக்கல் ரோட்டு எடைமேடையில் வேலை. வண்டி ஏறும், எண் வரும், சீட்டுக் கொடுப்பேன். படிப்பு எஸ்எஸ்எல்சி, கணக்கில் இரண்டு தடவை உட்கார்ந்தவன். எண்களோடுதான் பிழைப்பு என்று தெரிந்திருந்தால் முதல் தடவையே தேறியிருப்பேன். வீட்டுக்காரி பெயர் சாந்தாமணி. ஒரே மகள் சிந்துஜா. ஈரோட்டில் நல்லம்மாள் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள்.

மார்ச் 5, புதன்

145/90 இருக்கும். மெஷினை எடுக்கவில்லை, கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். முப்பது வருடம் லோடு பார்த்த கண். மாத்திரை சாப்பிட்டாச்சு.

சிந்துவின் வேலை என்ன என்று எடைமேடையில் இன்று ஒரு டிரைவர் கேட்டார். நர்ஸ் என்றேன். ஊசி போடுவாங்களா என்றார். அதுக்கும் மேலே என்றேன். அப்ப டாக்டரா என்றார். அதுக்குக் கீழே என்றேன். அவர் வண்டியை நகர்த்திக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவளிடமே கேட்டேன். நர்ஸ் படிப்பு முடித்து, வேலை பார்த்து, அதற்கு மேலும் இரண்டு வருடம் படித்தவள். அதற்கு நர்ஸ் பிராக்டிஷனர் என்று பெயர்.

"இன்னும் எத்தனை வருசம் பிராக்டிஸ் பண்ணிட்டே இருப்ப? சீக்கிரம் கத்துக்கிட்டு முடி கண்ணு" என்றாள் சாந்தாமணி.

சிந்து சிரித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தனிப் பிரிவு திறக்கிறார்கள். அதை அவளிடம் ஒப்படைக்கப் போகிறார்கள். நோயாளியை அவளே பார்க்கலாம். டாக்டர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் முறைப்படி மருந்தை மாற்றலாம், கூட்டலாம், குறைக்கலாம். அந்த முறையைத் தாண்டி ஒரு மாத்திரை கொடுத்தாலும் தப்பு. ஆஸ்பத்திரிக்கு வெளியே கொடுத்தால் அதைவிடப் பெரிய தப்பு.

"வெளிய வந்துட்டா?"

"வெளிய வந்துட்டா நான் உங்க பொண்ணு. அவ்வளவுதான்."

அது ஒன்றும் சின்ன உத்தியோகம் இல்லை என்றேன். சம்பளம் எப்ப வரும் என்றாள் சாந்தாமணி.

மார்ச் 8, சனி

மாத்திரை சாப்பிட்டாச்சு.

சனிக்கிழமை வந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு சேர்ந்துவிடுகிறது. எதிர்வீட்டு அம்மா முழங்கால் வலிக்கு ஊசி மருந்தைப் பையிலேயே கொண்டுவந்திருந்தார். "நீ சும்மா குத்தி மட்டும் வுடு கண்ணு." சிந்து முடியாது என்றாள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்கார வைத்து, எப்போதிருந்து வலி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது முன்னால் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, வீசிங் உண்டா, வயிற்றில் புண் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றாள்.

"இதுக்கு இத்தனை கேட்டியாக்கும்" என்று அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. பின்னாலேயே போய், "டியூட்டி டென்சன், தப்பா நெனைக்காதீங்க" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

"அவங்ககிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டு வாங்கன்னேன்."

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஓனர் எடைமேடைக்கு வந்தார். "மார்கழி மாசமெல்லாம் சீட்லயே தூங்கி வழிஞ்சீங்க, இப்பப் பரவால்லீங்க அர்த்தனாரி. நான் வேற ஒரு பையனைப் பாக்கலாம்னுகூட நெனைச்சேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை சாப்பிட்டாச்சு. இந்த டைரியைச் சிந்து எடுத்துப் பார்ப்பாளோ என்னவோ, எழுதி வைத்துவிடுவது நல்லது.

மார்ச் 13, வியாழன்

பொங்கியண்ணன் வந்தான். போர்வெல் வண்டியில் டிரைவராக ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாதி இந்தியாவுக்கு ஓட்டை போட்டவன். ஓட்டையிலிருந்து வந்த கல்தூளில் பாதியை நெஞ்சுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறான். பேசினால் நடுவில் விசில் சத்தம் வரும். எடைமேடைக்கு வந்தால் காபி குடிக்காமல் போகமாட்டான்.

மருத்துவ முகாமில் பார்த்தார்களாம், பிரஷர் எக்கச்சக்கமாம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம்.

"போக வேண்டியதுதானே?"

"போனா படுக்க வெச்சிருவானுக. என்ற பையன் ரகு வேற, போன வாரந்தான் புது வேலைல சேந்திருக்கான். அவனை அலைய வுடக்கூடாது பாரு."

என்னிடம் ஒரு மாத மாத்திரை பிரிக்காமல் இருந்தது. ஆஸ்பத்திரி மருந்துக்கடைக் கவர். சிந்துதான் மாதம் பிறந்தால் வாங்கிவந்து கொடுப்பாள். எனக்கும் பிரஷர், அவனுக்கும் பிரஷர். பேண்ட் என்றால் இடுப்பளவு வேண்டும், பிரஷருக்கு என்ன அளவு? எடுத்து நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. "நீ குடுக்கறதைத் தின்னறதுக்கு எனக்கென்ன கிறுக்கா?" என்றான்.

"நான் எங்கடா குடுக்கறேன்? பாப்பாதான் உனக்குக் குடுக்கச் சொன்னா" என்றேன்.

உடனே இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான். கோயிலில் விபூதி வாங்குகிற மாதிரி. சிந்துவின் பேருக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்து எனக்குக் காபி கூடுதலாகத் தித்தித்தது.

மார்ச் 14, வெள்ளி

சாந்தாமணி அரிசிப் பருப்புச் சாதம் செய்திருந்தாள். இரண்டு தட்டு. 150/90 என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 20, வியாழன்

பொங்கியண்ணனைச் சந்தைப்பேட்டையில் பார்த்தேன். "தலைக் கிறுகிறுப்பு போயிருச்சுப்பா, உம்பொண்ணு ராசியான கைக்காரி" என்றான். விசில் சத்தம்தான் கொஞ்சம் கூடியிருந்தது. வெயில் காலம், புழுதி.

சிந்து ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்கூடப் படிக்கிறாள். நர்ஸ் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமாம், அதற்கு வகுப்புக்குப் போய் வந்த சான்று எல்லாம் சேர்க்க வேண்டுமாம். எங்கள் எடைமேடைக்கும் வருடா வருடம் வந்து முத்திரை வைப்பார்கள் என்றேன். "ஆமாப்பா, அதே மாதிரிதான். முத்திரை போச்சுன்னா எடையும் போச்சு" என்றாள். என் தொழிலை வைத்து என் மகள் பேசியது இதுதான் முதல் தடவை. இன்னொரு வாய் சோறு கூட இறங்கியது.

மார்ச் 24, திங்கள்

பொங்கியண்ணனுக்கு மூச்சுத் திணறல். விடிகாலையில் ஆம்புலன்சில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

பார்க்கப் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் வைத்திருக்கிறார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஒரு கூம்பு. என்னைப் பார்த்துக் கையைத் தூக்க முயன்றான்.

ரகு வெளியே நின்றிருந்தான். டாக்டர் சொன்னாராம், அப்பா சாப்பிட்ட பிரஷர் மாத்திரை, வீசிங் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாத வகையாம். மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டதாம்.

"யார் குடுத்ததுன்னு கேட்டா, நர்ஸ் குடுத்ததுங்கறார். எந்த நர்ஸுன்னா வாயத் தொறக்க மாட்டேங்கறார். கண்டுபிடிக்கறேங்க அங்கிள். வுடமாட்டேன்" என்றான்.

"ஆமாப்பா, வுடக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். காபிகூடக் குடிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சிந்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். லீவு என்றாள். லீவில் வந்தவள் துணி துவைத்தாள், பரணைச் சுத்தம் செய்தாள், மிக்ஸியைக் கழற்றித் துடைத்தாள். சாந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"புதுப் பிரிவு எப்பக் கண்ணு தொறக்கறாங்க?"

"தெரியலீங்கப்பா. கொஞ்சம் தள்ளிப்போகும் போல."

மார்ச் 29, சனி

பொங்கியண்ணன் தேறிவிட்டான். கூம்பை எடுத்துவிட்டார்கள். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், மலையைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

ரகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான். இன்று அவன் அங்கிள் என்று சொல்லவில்லை. போனில் ஒரு படம் காட்டினான். மருந்துக்கடைக் கவர். மேலே நல்லம்மாள் அறக்கட்டளை. கீழே பேனாவில் 'காலை 1'. அந்த ஒன்றுக்கு மூக்கு நீளமாக இருந்தது. இரண்டாம் வகுப்பில் நான்தான் சிந்துவின் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதப் பழக்கினேன்.

"இது உங்க பொண்ணு கையெழுத்துதான். விசாரிச்சுட்டேன். டாக்டர் சீட்டு இல்லாம வீட்ல வெச்சு மருந்து குடுக்கறாங்க. ஆஸ்பத்திரிக்கும் எழுதிட்டேன், நர்ஸ் கவுன்சிலுக்கும் எழுதப் போறேன். அவங்க பதிவையே எடுக்க வெக்கறனா இல்லையா பாருங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "சாப்பிட்டியாப்பா?"

மார்ச் 30, ஞாயிறு

சிந்துவிடம் சொல்லவில்லை. கறிக்கடையில் கூட்டம்.

மார்ச் 31, திங்கள்

இன்றும் இல்லை. அவள் தலைவலி என்று படுத்திருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நான் எவ்வளவு நல்ல அப்பா.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். தேதியைப் பார்த்தேன். இன்றைக்குச் சொன்னால் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

எடைமேடையில் ஒரு சீட்டில் காலி வண்டியின் எடையை லோடு வண்டிக்குப் போட்டுவிட்டேன். டிரைவர் நல்லவர், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏப்ரல் 2, புதன்

சாந்தாமணி தட்டில் இட்லியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "ஏனுங்க, நீங்களாச் சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுங்களா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"பீரோவுல இருந்த கவரு நடந்தா போச்சு?"

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். சிந்து கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே காய்ந்த துணியைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எடைமேடை, காபி, 'பாப்பா குடுக்கச் சொன்னா' வரைக்கும்.

அவள் கிளிப்பை மாட்டிக்கொண்டே, "தெரியுங்கப்பா" என்றாள்.

"எப்போ?"

"ஆஸ்பத்திரில விசாரிக்கக் கூப்பிட்டு அந்தக் கவரை மேசைல வெச்ச அன்னிக்கே. உங்களுக்கு எழுதினது எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கண்ணு சொல்லல?"

"நான் குடுக்கலைன்னு சொன்னேன். கையெழுத்து உங்களதுதானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். யாருக்கு எழுதினதுன்னு கேட்டாங்க. பதில் சொல்லல."

"சொல்லியிருக்கலாமே சாமி."

"சொன்னா உங்க மேல கேஸ் ஆகும். டாக்டர் சீட்டு இல்லாம விக்கவும் குடுக்கவும் கூடாத மாத்திரைப்பா அது. வெள்ளிக்கிழமை கடைசியாக் கூப்பிட்டிருக்காங்க. நான் பாத்துக்கறேன். நீங்க வரக்கூடாது. சத்தியமா வரக்கூடாது."

சரி என்றேன். இந்த வீட்டில் நான் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் போனேன்.

ஆஸ்பத்திரி விசாரணை அறையில் நீளமான மேசை. பெரிய டாக்டர் ஒருவர், வக்கீல் ஒருவர், நர்ஸ்களுக்குத் தலைவியான எஸ்தர் சிஸ்டர். எதிரில் என் பெண் தனியாக ஒரு நாற்காலியில். கதவைத் தள்ளிக்கொண்டு நான் நுழைந்ததும் அவள் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

"யாருங்க நீங்க?" என்றார் வக்கீல்.

"சிந்துஜாவோட அப்பாங்க."

"பெத்தவங்களைக் கூட்டிட்டு வர்றதுக்கு இது ஸ்கூல் இல்லீங்க."

"ஸ்கூல்ல கூப்பிட்டப்பவெல்லாம் நான் போனதில்லீங்க, அவங்கம்மாதான் போவா. அதான் கூப்பிடாம இப்ப வந்திருக்கேன். அந்த மாத்திரை என்றதுங்க. அவ எனக்கு வாங்கிக் குடுத்தது. பொங்கியண்ணனுக்குக் குடுத்தது நானு."

"மருந்து குடுக்கறதுக்கு உங்களுக்கு என்ன தகுதி?"

"எஸ்எஸ்எல்சிங்க."

எஸ்தர் சிஸ்டர் காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார். வக்கீல் சிரிக்கவில்லை.

"குடுக்கறதுக்கு முன்னாடி அவருக்கு வீசிங் இருக்குதான்னு கேட்டீங்களா?"

"இருக்குதுன்னு தெரியுங்க. ஆகாதுன்னு தெரியாதுங்க. என்ற பொண்ணு ஒரு மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மூட்டை கேள்வி கேப்பா. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், காபி சாப்பிடறியான்னு."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

இதுதான் எனக்கு ஏறமுடியாத மேடு. "பாப்பா குடுக்கச் சொன்னான்னு சொன்னேனுங்க."

"அவங்க சொன்னாங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

சிந்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க சார். வண்டி முன்னாடி போ, பின்னாடி வான்னு சொன்னாத்தான் கேப்பாங்க. அவ பேரைச் சொன்னா எல்லாரும் கேக்கறாங்க. சொல்றதுக்கு எனக்குப் புடிச்சிருந்துதுங்க. அவ்வளவுதான். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கேஸ் போடறதுன்னா என் மேல போடுங்க. வண்டியே ஏத்தாம அவ பேருல சீட்டுக் குடுத்தவன் நானு."

கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பெரிய டாக்டர் மெதுவாகக் கேட்டார். "ஐயா, இது ஒரு மாச மாத்திரை. உங்ககிட்ட முழுசா எப்படி மிச்சம் இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க" என்றேன்.

அப்போதுதான் சிந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏன் வந்தீங்க என்று திட்டுவாள் என்று காத்திருந்தேன். காவிரிப் பாலம் தாண்டும்போது, "எத்தனை நாளாப்பா?" என்றாள்.

"என்ன?"

"மாத்திரை."

"ரெண்டு மூணு நாள் தாண்டினது கண்ணு. மறதி."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புழுதி பட்டிருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனேன். ரகு கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகவே சொன்னேன். கேட்டு முடித்ததும், "அப்ப அவங்க மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுத்துடறேன். நீங்க இனி இந்தப் பக்கம் வராதீங்க" என்றான். நியாயம்தான். அவன் அப்பாவைக் கண்ணாடிக்குள் பார்த்தவன் அவன்.

திரும்பும்போது உள்ளேயிருந்து பொங்கியண்ணன் குரல். "யார்ரா அது, அர்த்தனாரியா? தொறடா கேட்டை!"

கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகிவிட்டான். கையில் மூச்சுக்கு அடிக்கிற நீலப் பம்பு. விசயத்தைச் சொன்னேன்.

"அட வெங்காயம். உம்பொண்ணு பேரைச் சொன்னதாலதாண்டா தின்னேன். நீ குடுத்ததுன்னு தெரிஞ்சிருந்தா ஆட்டுக்குட்டிக்குக்கூடப் போட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்டா. அதனாலதான் சொல்லித் தொலைச்சேன்."

"ஆஸ்பத்திரில எத்தனை தடவை கேட்டானுக தெரியுமா? நர்ஸுன்னு சொன்னா ஒண்ணும் பண்ணமாட்டானுக, நர்ஸு மருந்து குடுக்கறது தப்பான்னு நெனைச்சேன். உம்பேரைச் சொன்னா உன்னப் புடிச்சிருவானுகளேன்னு, நீ கையில குடுத்ததையே சொல்லல. ரெண்டு பேருமாச் சேந்து அந்தப் புள்ளையத்தான் மாட்டி வுட்டிருக்கறோம்."

சிரித்தான். சிரிப்பு விசிலாகி, விசில் இருமலானது. ரகு ஓடிவந்து பம்பை வாயில் வைத்து அழுத்தினான். நான் முதுகைத் தடவப் போனேன். ரகு என் கையைத் தட்டிவிட்டான். பிறகு, என்ன நினைத்தானோ, நகர்ந்து இடம் கொடுத்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. சிந்து யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். கவுன்சிலுக்கும் அப்படியே தகவல் போகிறது. பதிவுக்கு ஒன்றும் இல்லை. புதுப் பிரிவு அவளுக்குத்தான். எனக்கு எச்சரிக்கை, எழுதி வாங்கிக்கொண்டதோடு விட்டார்கள்.

ஆனால் அவளுக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்திருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் பிரஷர்காரர்களை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நேரில் பார்த்துத்தான் மருந்தை நீட்டிக்க வேண்டும். போன வருடம் பூராவும் அவள் என்னைக் கூட்டிப்போகாமலே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி எனக்கு மாத்திரை கொண்டுவந்திருக்கிறாள். கையெழுத்துப் போட்ட டாக்டருக்கும் ஒரு கடிதமாம்.

"அநியாயமா இருக்குதே! அப்பனுக்கு மாத்திரை வாங்கினதுக்கா?" என்று எகிறினேன்.

"நியாயந்தாங்கப்பா. வேற யாரா இருந்தாலும் ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். உங்களுக்கு லீவு கெடைக்காது, பஸ்ல அலைவீங்கன்னு நானே உங்களுக்காக முடிவு பண்ணிட்டேன். நேர்ல பாத்திருந்தா, நீங்க சாப்பிடாதது அப்பவே தெரிஞ்சிருக்கும்."

கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"புதன்கிழமை வாங்க. வரிசைல நின்னு, டோக்கன் வாங்கிட்டு."

ஏப்ரல் 16, புதன்

ஓனரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்றார். பிரஷர் என்றேன். அந்த வார்த்தையை அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. போயிட்டு வாங்க என்றார். வேறு பையனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதற்காக நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொல்லமுடியாது.

புதுப் பிரிவு, புதுப் பெயின்ட் வாசம். வெளியே பெஞ்சு நிறைய ஜனம். கதவில் 'சிந்துஜா, நர்ஸ் பிராக்டிஷனர்' என்று பலகை. பக்கத்தில் இருந்த அம்மாவிடம், அது என் மகள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, "இந்தப் புள்ள நல்லாப் பாக்குமாங்க?" என்று கேட்டார். "எனக்குந் தெரியாதுங்க, நானும் இப்பத்தான் வர்றேன்" என்றேன். பொய் இல்லை.

என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் மேசைக்கு அந்தப் பக்கம் சிந்து. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சொந்தக்காரங்களை நான் பாக்கக்கூடாதுங்க. ஜெனிபர் சிஸ்டர் பாப்பாங்க" என்று, முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோலச் சொல்லி, அடுத்த மேசையைக் காட்டினாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜெனிபர் சிஸ்டர் சின்னப் பெண். கையில் பட்டையைச் சுற்றினார். ஊதியது. கவ்வியது. எண்ணைப் பார்த்து அவர் புருவம் கொஞ்சம் மேலே போனது. நான் கண்ணால் போட்ட எடைக்கும் அதற்கும் வெகு தூரம்.

"கூட யாராவது வந்திருக்காங்களா ஐயா?"

"இல்லீங்க, தனியாத்தான்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சிந்து கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டாள். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் வந்திருக்கேங்க சிஸ்டர்."

ஜெனிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"மகள்."

"சரி. ஐயா, மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?"

சிந்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்காகப் பதில் சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கே புதிதாக வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"பொங்கலுக்கு முந்தியிருந்தே இல்லீங்க" என்றேன். "சாப்பிட்டா தூக்கம் தூக்கமா வருதுங்க. எடைமேடைல தூங்கினா வேற ஆளைப் போட்டுருவாங்க. சொன்னா பொண்ணு வேலையை வுட்டுட்டு வீட்ல இருங்கம்பா. வீட்ல உக்காந்துட்டா..."

சிந்துவின் கை வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. நாடி பார்க்கிற பிடி இல்லை. ரோடு தாண்டும்போது சின்ன வயதில் பிடிப்பாளே, அந்தப் பிடி.

"தூக்கம் வராத மாத்திரையும் இருக்குதுங்கய்யா. டாக்டர்கிட்டக் கேட்டு மாத்தித் தர்றோம். இதைச் சொல்லத்தான் நேர்ல வரச் சொல்றது" என்றார் ஜெனிபர்.

அதற்குள் கதவு திறந்து, பெஞ்சில் இருந்த அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த மேசை சிஸ்டர் எங்க? அடுத்தது நானுங்க."

சிந்து என் கையை விடாமலே திரும்பினாள்.

"பத்து நிமிசம் உக்காருங்கம்மா. எங்கப்பாவைக் காட்டக் கூட்டிட்டு வந்திருக்கேன்."